அண்ணி வாய் திறக்காத காலை

நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். அவர் தக்காளிக்கு விலை கூறினால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு காட்டு விலங்கு பார்க்கக் கிளம்பிய என் புத்தியை என்னவென்று சொல்ல!

போனது கடல் தாண்டி ஒரு தீவு நாட்டுக்கு. நான் பார்க்க ஆசைப்பட்டது அழுங்கு என்கிற விலங்கை. எறும்புத்தின்னி என்றால் சட்டென்று புரியும். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில். இப்போதெல்லாம் காட்டிலேயே வாழ்கிறவர்கள்கூட அதைப் பார்ப்பது அபூர்வம். ஆஸ்பத்திரியில் ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள் நான். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதன் படத்தை வைத்து வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதன்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

"எல்லாரும் கடலைப் பாக்கப் போவாங்க. நீ எறும்பு திங்கிறதைப் பாக்கப் போறியா?" என்று அண்ணி சிரித்தார். சிரித்துவிட்டு எனக்கு முன்னால் பெட்டியைக் கட்டினார்.

நானும் என் வீட்டுக்காரரும் அண்ணியுமாக வாடகை வேனில் தீவைச் சுற்றினோம். ஓட்டுநர் காட்டோரம் வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் பேசாம இருந்தா ஏதாவது வரும்மா" என்று கெஞ்சுவார். "நான் எங்கப்பா பேசறேன்?" என்று ஆரம்பிக்கும் அண்ணி அடுத்த ஊர் வரும்வரை நிறுத்த மாட்டார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு மணியோசை மட்டும்தான் வாய்த்தது.

கடைசி நாள் மாலை, விடுதி அறையில் எனக்குப் பொறுக்கவில்லை. விடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"அண்ணி, உங்க வாய்க்கு ஒரு நாள் லீவு குடுத்திருந்தா நான் பாத்திருப்பேன்!"

என் வீட்டுக்காரர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். அண்ணி எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

காலையில் என் வீட்டுக்காரர் உலுக்கி எழுப்பினார். முகம் வெளுத்திருந்தது.

"அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. கொல்லையில நிக்கிறா. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறா!"

என் வார்த்தைதான் அவரை இப்படி ஆக்கிவிட்டதோ என்று பின்வாசலுக்கு ஓடினேன்.

துணி எடுக்கப் போன அண்ணி, தோளில் ஈரத் துண்டோடு கொடிக்கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கண்ணை மட்டும் உருட்டித் துவைக்கிற கல்லைக் காட்டினார்.

கல்லுக்கு அடியில் அழுங்கு!

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது சிமெண்டு வெடிப்பில் இருந்த எறும்புப் புற்றை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. நாக்கு ரிப்பன் மாதிரி நீண்டு நீண்டு உள்ளே போனது. ஒருமுறை தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. சின்னஞ்சிறு கண்.

அப்போதுதான் அண்ணியின் காலைப் பார்த்தேன். புற்று கலைந்த எறும்புகள் எல்லாம் அவர் பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தன. முழங்கால்வரை சிவப்பு வரிசை. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் பதறி எழுந்தேன். ஏலத்தில் குறைத்துக் கேட்பவனை முறைப்பாரே, அப்படி ஒரு முறை முறைத்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

தின்று முடித்த அழுங்கு முன்னங்கால்களை மார்போடு மடித்துக்கொண்டு, சாவியைத் தொலைத்த பெரியவர் மாதிரி குனிந்து குனிந்து நடந்து, வேலிச் சந்தில் நுழைந்து மறைந்தது.

"போயிடுச்சா?" என்று வாயை மட்டும் அசைத்தார் அண்ணி. தலையாட்டினேன்.

அதன்பிறகு அவர் போட்ட சத்தத்தில் விடுதியே விழித்துக்கொண்டது. நான் சிரிப்பும் அழுகையுமாக அவர் காலடியில் உட்கார்ந்து எறும்புகளைத் தட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அக்கா காலில் ஊற்றினார்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. ஆசை தீரப் பாத்தேன்."

"நான் அந்த வாலை மட்டும்தாம்மா பாத்தேன். அப்புறம் கடி தாங்காம கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு, ஒண்ணும் தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "எப்படி இருந்துச்சு? சொல்லு."