நாலு தட்டுக்குள் அடங்கிய பேச்சு

சலவைக்கூடத்துக்குள் ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரத்தோடு வண்டி வண்டியாக வந்து நின்றன. ஒரு முனையை ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் பையன் பிடிக்க, மறுமுனையை உருளை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோலர்காரர் பிடிக்க, இருவரும் ஓர் உதறு உதறி, விளிம்பை நேராக்கி, சூடாகச் சுற்றும் உருளையின் வாய்க்குக் கொடுத்தார்கள். மறுபக்கம் விரிப்பு காய்ந்து மொடமொடவென்று வெளியே வந்தது. உருளை ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு தட்டும். மூன்றாவது தட்டு மட்டும் கொஞ்சம் பிந்தி விழும். அந்த இடைவெளியில் ஒரு சொல்லைச் செருகலாம் என்று ரேடியோ கண்டுபிடித்து இரண்டு வருஷமாகிறது.

வாய் ஓயாமல் எதையாவது முணுமுணுப்பதால் சலவைக்கூடத்தில் அவனுக்கு அந்தப் பெயர். ரோலர்காரர் அவனைவிட இருபது வயது மூத்தவர். அவன் முணுமுணுப்பது ராப், தாளத்துக்கு வேகமாகப் பேசும் பாட்டு, என்பது அவருக்குத் தெரியாது. "என்னடா, மந்திரம் போடுறியா? போடு போடு, துணியாவது சீக்கிரம் காயட்டும்" என்பார்.

ஒன்பது பாட்டுகளை ஒரே தொடராகக் கோத்து ஒரு மிக்ஸ்டேப் வெளியிடுவது ரேடியோவின் திட்டம். ஸ்டுடியோவுக்கு வழியில்லை. முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பி, எதிர்வீட்டுத் தையல் மெஷின் ஓயும்வரை காத்திருப்பான். பிறகு துணி அலமாரிக்குள் தலையை விட்டு, முதுகின்மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு போனில் பதிவு செய்வான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டும். தங்கை கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். "உள்ளேயே செத்துகித்துப் போயிடாத. நாளைக்கு எனக்கு அலமாரி வேணும்."

பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாளமான பீட்டுக்கு அவன் வேறெங்கும் போகவில்லை. போனை விரிப்பு அடுக்குகளின் இடுக்கில் வைத்துவிட்டு, உருளையின் சத்தத்தை மணிக்கணக்கில் பிடித்தான்.

அந்த நாட்களில்தான் விபத்து நடந்தது. உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். தடித்த விளிம்பு பட்டாலும் நின்றுவிடும். நிற்க நிற்க எண்ணிக்கை குறையும் என்பதால் கம்பியைக் கிழிந்த விரிப்புத் துண்டால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஆள் குறைந்த ஒரு காலையில், மடிப்பு மேசையில் வேலை செய்யும் பெண்ணை உருளைக்கு அனுப்பினார்கள். அவளுடைய மூன்று விரல்கள் துணியோடு உள்ளே போயின.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரோலர்காரர் சாப்பிடவில்லை. உருளை சூடு தணிவதற்காக வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோலப் பேசினார். எதிரில் ரேடியோ மட்டும்தான் இருந்தான். அடுக்கின் இடுக்கில் போன் ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டச் சொன்னது மேனேஜரு. இங்கதான் நின்னு சொன்னாரு. நான்தான் கட்டினேன். என் கையாலதான் கட்டினேன்."

இரண்டு நாள் கழித்து அலமாரிக்குள் அதைக் கேட்டபோது ரேடியோவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கரகரப்பு அவன் தொண்டைக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. ஐந்தாம் பாட்டுக்கும் ஆறாம் பாட்டுக்கும் நடுவே அதை வைத்தான். முழுப் பேச்சும் ஏழு தட்டுக்கு நீண்டது. கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் நாலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. முதல் இரண்டை வெட்டினான். மேனேஜருக்குப் பயந்து வெட்டவில்லை. அடங்கவில்லை, வெட்டினான். அவ்வளவுதான். போனில் இடம் போதாமல் பழைய பதிவுகளை மொத்தமாக அழித்தான். ரோலர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. உருளையிடமும் அவன் கேட்கவில்லை.

மிக்ஸ்டேப் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியானது. முதல் வாரம் நாற்பத்தொரு பேர் கேட்டதாகக் காட்டியது. அதில் பாதி அவனே. முழுதாகக் கேட்ட தங்கை, "நடுவுல ஒருத்தர் பேசுறாரே, அவருதான் டாப்பு. நீ வேகமா பேசுற, ஒண்ணும் புரியல" என்றாள். அவன் அன்று இரவு சாப்பிடவில்லை.

இரண்டாம் வாரம் சலவைக்கூடத்து ஆட்களின் போன் குழுவில் அவனே அதைப் போட்டான். யாரும் ஒன்பது பாட்டு கேட்கவில்லை. யாரோ ரோலர்காரர் பேசும் இடத்தை மட்டும் கத்தரித்து அனுப்பினார்கள். அது டிரைவர்களுக்குப் போயிற்று, ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போயிற்று. பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட 'நான்தான் கட்டினேன்' என்று கரகரத்த குரலில் சொல்லிச் சிரித்தார்கள். யாரோ அதை இணையத்திலும் ஏற்ற, அங்கே ஆறாயிரம் பேர் கேட்டார்கள். ரேடியோ எண்ணிக்கையை மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

விபத்தை விசாரிக்க வந்த இரண்டு அதிகாரிகளுக்கு மேனேஜர் டீ வரவழைத்து, கத்தரித்த அந்த ஒலித்துண்டையும் போட்டுக் காட்டினார். ரோலர்காரரை உள்ளே அழைத்தார்கள். இது உங்கள் குரலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். கட்டினீர்களா என்றார்கள். கட்டினேன் என்றார். மேனேஜர் சொல்லித்தான் கட்டினேன் என்று அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அது ஒலிப்பதிவில் இல்லை. தொழிலாளியே தன்னிச்சையாகச் செய்த தவறு என்று எழுதப்பட்டது. அன்று மாலையே அவருக்கு வேலை இல்லை. நிர்வாகத்தின்மேல் குற்றமில்லை என்பதால் விரல் போன பெண்ணுக்கு மருந்துச் செலவோடு சரி.

ரோலர்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் மாற்றுச் சட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ரேடியோ பக்கத்தில் போனான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"முன்னாடி பேசினது எங்கடா?"

"வெட்டிட்டேண்ணே."

"வச்சிருக்கியா?"

"அழிச்சிட்டேன்."

"ஏன் வெட்டின?"

தட்டு, இடைவெளி, நாலுக்குள் அடங்குவது என்று அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவன் காதுக்கே அது கேவலமாக இருந்தது. ரோலர்காரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பையைத் தோளுக்கு மாற்றினார்.

"முழுசா போட்டிருந்தா என்கூட அந்த மேனேஜரும் போயிருப்பான். தனியா அனுப்பிட்டியேடா."

வார்த்தையில் சூடு இல்லை. துணி எத்தனை என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

ரேடியோ அன்றே மிக்ஸ்டேப்பை எடுத்துவிட்டான். கத்தரித்த துண்டு ஆயிரக்கணக்கான போன்களில் கிடந்தது. அதை யாரால் எடுக்க முடியும்? வெட்டிப்போன இரண்டு வாக்கியங்களைத் தன் குரலில் சொல்லி, நடந்தது இதுதான் என்று ஒரு பதிவு போட்டான். பதினேழு பேர் கேட்டார்கள். ஒருவன் கீழே, 'அந்தப் பழைய ஆளைப் பேச விடு' என்று எழுதியிருந்தான்.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனான். வேலை போனால் போகட்டும் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டான். வெட்டியது நான்தான், முன்னால் உங்கள் பெயர் இருந்தது என்று நின்றபடியே சொல்லி முடித்தான்.

மேனேஜர் கோபப்படவில்லை. "பதிவு இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம் என்னப்பா." நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பாட்டைக் கேட்டதாகவும், திறமை இருப்பதாகவும், அதையெல்லாம் வெளியே வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். ரோலருக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும், இனி அவனே பார்த்துக்கொள்ளலாம், சம்பளமும் கொஞ்சம் கூடும் என்றார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் இன்னும் இரண்டு தவணை இருந்தது. அவன் வாயைத் திறந்தான். "சரி சார்" என்றுதான் வந்தது.

திங்கட்கிழமை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தார்கள். எல்லோரும் அதில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ரோலருக்கு மேலே சுவரில், பாதுகாப்புக் கம்பியைக் கட்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்று புதிய அட்டை தொங்கியது. கீழே மேனேஜரின் கையெழுத்து.

ரேடியோ கம்பியை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினான். தடித்த விளிம்புகளில் உருளை நின்று நின்று போனது. பத்து மணிக்குள் ஈர வண்டிகள் கதவுவரை வரிசை கட்டிவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

மேனேஜர் வந்தார். வண்டிகளைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, விரல்களால் காற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.