மேரி சாப்ட்டியா

சுவிட்சைப் போட்டேன். ஸ்டெபிலைசர் முனகியது, டப்பாவுக்குள் விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. டிஸ்க் போடும் வாய் கர்ர் கர்ர் என்று இழுத்துவிட்டு நின்றுபோனது. திரையில் மறுபடியும் அதே பாழாய்ப்போன வரி. இது ஆரம்பிக்கிற டிஸ்க் இல்லை, வேறு போட்டுவிட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்கிறது. வேறு டிஸ்குக்கு நான் எங்கே போவேன்? காலையிலிருந்து இதுதான் நடக்கிறது. டிஸ்கை எடுத்தேன், ஊதினேன், லேபிள் மேலே இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பச் செருகினேன், தாழ்ப்பாளைத் திருப்பினேன். வயரையெல்லாம் பிடுங்கி மாட்டினேன். கெஞ்சினேன். கடைசியில் டப்பாவின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தேன். கைதான் வலித்தது.

மொரப்பூரில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் பிலவேந்திரன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தார். அவர்கள் புது மெஷின் வாங்கியபோது பழையதைத் தள்ளிவிட்டார்கள். இவர் அதை மெத்தைக்குள் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவந்தார். ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் இருக்கிற முன்னறைக்கு வெள்ளையடித்து, கம்ப்யூட்டர் வகுப்பு என்று போர்டு எழுதினார். எண்பத்தெட்டாம் வருஷம் அது. ஏசி இல்லாமல் எப்படி ஓடும் என்று கேட்காத ஆள் இல்லை. "எங்க வூட்டுக் கம்ப்யூட்டர் மானாவாரிங்க, வெயில் தாங்கும்" என்பார் இவர்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். வகுப்பில் முதல் மாணவி நான்தான். ஒருநாள் மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்து, தமிழ்ப் பேச்சு: மேரி சாப்ட்டியா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆரம்பித்ததும் தானாக வருகிற மாதிரி டிஸ்கில் எழுதிவைத்திருக்கிறாராம். "நான் ஊர்ல இல்லைன்னாலும் கேக்கோணுமில்ல" என்றார். வகுப்புக்கு வருகிறவர்கள் முன்னால் மானம் போகிறது, எடுத்துவிடுங்கள் என்று எவ்வளவோ சண்டை போட்டேன். எடுக்கவில்லை. அந்த டிஸ்குக்கு இன்னொரு காப்பி எடுத்துவைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், தர்மபுரிக்குக் கொண்டுபோனோம், ஜெபம் பண்ணினோம். போய்விட்டார். முப்பத்தோரு வயதில் சாகிற ஆளா அவர்? யாரைப் போய்க் கேட்பது?

அடக்கம் முடிந்த பிறகு தினமும் வெள்ளென எழுந்து மெஷினைப் போடுவேன். கேள்வி வரும். "இன்னும் இல்லீங்க" என்று வாய்விட்டே சொல்வேன். அதன் பிறகுதான் அடுப்பங்கரைக்குப் போய் எதையாவது சாப்பிடத் தோன்றும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் மெஷின் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சேலத்திலிருந்து தீர்த்தகிரியை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கினார். சாவுக்கு வரமுடியாத சங்கடத்தில் என் முகத்தைப் பார்க்காமல் நேரே மெஷினிடம் போய் உட்கார்ந்தார்.

"இந்த டிஸ்குக்கு வேற காப்பி இருக்குதுங்களா சிஸ்டர்?"

"இருந்தா உங்களை எதுக்குங்க கூப்புடறேன்?"

அவர் டப்பாவைத் திறந்து டிஸ்க் போகிற இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை விட்டுத் துடைத்தார். பஞ்சு பழுப்பாகப் பிசுபிசுவென்று வந்தது. அதை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு எங்கள் டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்து, கறுப்பு உறையில் நீளமாகத் திறந்திருக்கிற இடத்தைப் பார்த்தார். "எண்ணெ மாதிரி இருக்குதுங்க" என்று இழுத்தார்.

என் மாமியார் லூர்தம்மாள் அப்போதுதான் காப்பித் தம்ளரோடு வந்தார். மகன் போனதிலிருந்து நிமிர்ந்து நடக்காதவர், அன்றைக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"நாந்தான் தம்பி வெச்சேன். மாதா எண்ணெ. பூசைக்கு வந்த எங்க நாத்தனா வேளாங்கண்ணியில இருந்து கொண்டாந்தா. அவன் சைக்கிளுக்கு, சட்டைக்கு, பேனாவுக்கு, அவன் கைபட்ட எல்லாத்துக்கும் சிலுவ போட்டேன். இவ தெனமும் இதுகிட்டதான் பேசிட்டுக் கெடக்கறா. இதுக்குப் போடாம வுட்டா எப்பிடி? மேல காகிதத்துல போட்டா ஒட்டுமான்னு, அந்த வழவழன்னு தெரியற எடத்துலயே அழுத்தமாப் போட்டேன்."

எங்கள் வீட்டில் புது ஏர் வந்தாலும் புது மாடு வந்தாலும், பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், அந்த எண்ணெயில் ஒரு சிலுவை உண்டு. என் கல்யாணத்தன்று இதே கட்டைவிரல்தான் என் நெற்றியிலும் போட்டது.  அட பாவி மனுஷி, உன் மகன் பேச்சை நீயே அழித்துவிட்டாயே என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. தீர்த்தகிரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஈரம் ஏறிருச்சுங்கம்மா" என்றார் அவர். "மழைக்காலமில்லீங்களா."

"அப்பிடியா? எண்ணெ வெச்சதால கொஞ்சமாச்சும் தாங்கியிருக்கும், இல்ல கண்ணு?" என்று மாமியார் என்னிடம் கேட்டார்.

"ஆமாங்கத்தே" என்றேன். 

தீர்த்தகிரி தன் டிஸ்கைப் போட்டார். மெஷின் ஒரு தகராறும் பண்ணாமல் எழுந்துகொண்டது. அதற்கு ஒரு நோவும் இல்லை, குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. அப்புறம் எங்கள் டிஸ்கைப் போட்டுப் படிக்கச் சொன்னார். முடியவில்லை என்றது மெஷின். நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் விட்டுவிடவா என்று கேட்டது. மறுபடி பார் என்று தட்டினார். கர்ர் கர்ர். மறுபடி. அவர் கை ஓய்ந்தபோது நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தட்டினேன். மறுபடி பார், மறுபடி பார். இடையில் மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு ரயில் கடந்துபோனது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"போதுங்க சிஸ்டர். இதுக்கு மேல தேய்ஞ்சுதான் போகும்" என்றார் தீர்த்தகிரி. கொஞ்சம் பொறுத்து, "அந்த வரிய நானே எழுதித் தந்துடறேங்க. எங்கிட்ட அவர் சொல்லியிருக்காரு. ஒரு நிமிச வேலை" என்றார்.

நல்ல மனுஷன். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வந்ததே கோபம்!

"நீங்க எழுதுனா அது நீங்க கேக்கறதுங்க. நீங்க எதுக்குங்க என்னையச் சாப்ட்டியான்னு கேக்கறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாயங்கால வண்டிக்குக் கிளம்பும்போது தன் டிஸ்கை என்னிடமே விட்டார். வகுப்புக்கு இது போதும், வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். மெஷினை ஒருதரம் நிறுத்தி, நானே போட்டுப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

போட்டேன். மெஷின் திரையில் ஏதோ கேட்டது. நான் இதுவரை பார்க்காத கேள்வி.

"தேதி கேக்குதுங்க" என்றார். "இதுக்குள்ள பேட்டரி கெடையாது. நிறுத்துனா எல்லாம் மறந்துரும். எப்பப் போட்டாலும் எம்பதாம் வருசம் ஜனவரி ஒண்ணுன்னுதான் நெனச்சுக்கும். உங்க டிஸ்க்ல அவர் இந்தக் கேள்வியே வராம செஞ்சு வெச்சிருந்தாரு. இனிமே தெனமும் கேக்கும். இன்னைக்குத் தேதிய அடிச்சுட்டு எண்டர் தட்டுங்க, போதும்."

அவர் போய்விட்டார். நான் பட்டன்கள்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் பின்னால் வந்து நின்றார். எழுத்துத் தெரியாது அவருக்கு. "அவன் கேக்கறானா கண்ணு?" என்றார்.

"தேதி கேக்குதுங்கத்தே. எம்பதாம் வருசம், ஜனவரி ஒண்ணுன்னு நெனச்சுட்டிருக்குது."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு வருசப் பொறப்புப் பூசை. ஆஸ்டல்ல இருந்து வந்திருந்தான். வெடிய வெடியக் கோயில்ல ஸ்டார் கட்டிட்டு வந்து, ஆட்டுக்கறிக் கொழம்பு வெக்கச் சொல்லி அடுப்பாண்ட உக்காந்துட்டிருந்தான்."

நான் தேதியின் முதல் எண்ணைத் தேடினேன். மாமியாரின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"செத்த இரு கண்ணு. அடிக்காத. இப்பத்தான் வந்து உக்காந்திருக்கான்."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் முக்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குப் போட இரண்டு பேருமே எழவில்லை. திரையில் அந்தச் சின்னப் பச்சைக் கோடு மட்டும், பதிலுக்காக அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.