தவிடு நுழையாத வீடு

"அந்த மூட்ட உள்ள வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே செங்கல்வராயன் வேலிப்படலை இழுத்துச் சாத்தினார்.

படலுக்கு வெளியே, செத்துப்போன அவர் மனைவி பார்வதத்தின் தம்பி சம்பத் நின்றான். படாளத்திலிருந்து டெம்போ பிடித்து வந்திருந்தான். அக்காவுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிப்புடவை அவன் கையில். பின்னால் டெம்போக்காரன் தோளில் அரிசித் தவிட்டு மூட்டை. பறையடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"அக்கா குதிரைக்குன்னு எட்த்தாந்தேன் மாமா. நம்ம நெல்லு, நம்ம ஊரு மில்லுல அரைச்சது."

"நல்ல நெல்லுதான். ஆனா தவுடு வராது இந்த வூட்டுக்கு."

"அக்கா பொணமா கெடக்குது. பொறந்த வூட்டு சாமான வாசல்ல நிறுத்துறீங்க. அப்ப கோடியையும் திருப்பி எட்த்துகினு போவட்டா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பாடையைத் தூக்க முடியாது. மறைமலைநகர் கம்பெனியில் வேலை செய்யும் மகன் மோகன் ஓடி வந்து அப்பாவின் காதோரம் குனிந்தான்.

"நைனா, வாங்கி ஒரு மூலைல போடு. நாளைக்கு மாடு வெச்சிகீறவங்க யாருக்னா குட்த்துடலாம். இன்னிக்கு சண்ட வாணாம்."

செங்கல்வராயன் படலை விடவில்லை.

மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைக்கும் குடும்பம் அது. முன்பெல்லாம் அவர்களுடைய குதிரை சிவப்பிக்குத் தவிடும் மக்காச்சோளமும்தான் தீனி. வாளி வாளியாக அள்ளிப்போட்டது அவர் கைதான். ஒரு வருஷம் அதன் முகத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைத்தது. தின்றது உடம்பில் ஒட்டுகிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு. ராஜா வீட்டுக் குதிரை மூஞ்சி என்று சவாரிக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அப்புறம் அது நொண்டியது. இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால். வந்து பார்த்த டாக்டர், கோழித்தீவனக் கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் பொடியைத் தீனியில் கலக்கச் சொன்னார். டாக்டரும் கடைக்காரனும் கூட்டு என்று செங்கல்வராயன் காறித் துப்பினார். பார்வதம்தான் டாக்டரை விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள்.

"தவுட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, சுண்ணாம்பு கம்மி. தீனில கெடைக்காத சுண்ணாம்ப ஒடம்பு எலும்புலேர்ந்து உருவுது. உன் ராஜா மூஞ்சி தன் எலும்பையே துன்னுகினு கீது. போய் பெரும பேசு."

அன்றோடு தவிடு நின்றது. புல்லும் குதிரைமசால் தழைக்கட்டும் வந்தன. கொஞ்சம் ஓட்ஸ், அதற்கு அளவாகப் பொடி. கலக்குவது அவள் மட்டும்தான். மாதக்கணக்கில் ஆனது. சிவப்பி நான்கு காலையும் நேராக ஊன்றி மணலில் நடந்தது.

"மச்சான்" என்றார் செங்கல்வராயன். குரல் இறங்கியிருந்தது. "உன்ன மரியாத இல்லாம பேசல. மூட்ட உள்ள இருந்தா என் கை சும்மா இருக்காது, அள்ளிப் போட்டுடும். இத்தினி நாளு உங்கக்கா பார்த்துகினு இருந்தா, நான் கம்முனு கெடந்தேன். இனிமே யாரு கீறா?"

ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர், தன் கையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். சம்பத் பின்னால் டெம்போக்காரனிடம் திரும்பினான்.

"வண்டில ஏத்துப்பா."

"எறக்குன்ற, ஏத்துன்ற. என் தோளு இன்னா பஸ் ஸ்டாண்டா?" என்று முனகிக்கொண்டே டெம்போக்காரன் போனான்.

படல் திறந்தது. உள்ளே வந்த சம்பத்தைச் செங்கல்வராயன் நேரே குதிரையிடம் கூட்டிப்போனார். அவன் கையைப் பிடித்துச் சிவப்பியின் முகத்தெலும்பின் மேல் வைத்தார்.

"மேடு தெரியுதா? இத்த மாதிரி ரெண்டு பங்கு இருந்துச்சு. மீதிய உங்கக்கா கரைச்சா."

"டாக்டரு இல்லியா?"

"டாக்டரு சொன்னாரு. செஞ்சவ அவதான்."

காலையிலிருந்து சிவப்பிக்கு யாரும் தீனி வைக்கவில்லை. நேரமாகிறது என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"குதிர துன்னட்டும். அப்பறம் தூக்கலாம்" என்றார் செங்கல்வராயன்.

ரப்பர் தொட்டியில் ஓட்ஸைக் கொட்டி, பார்வதத்தின் கரண்டியால் தலைதட்டிப் பொடி போட்டார். உலர்ந்த பொடியைக் குதிரை ஊதித் தள்ளிவிடும். வெல்லத்தண்ணீர் தெளித்து, வெள்ளை தெரியாமல் போகும்வரை பிசைந்தார். அந்த வேலையை அவர் செய்வது அதுதான் முதல் தடவை. பறைக்காரர்கள் குச்சியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பி மோந்து பார்த்தது. ஒருமுறை மூச்சு விட்டது. அவர் விரல்கள் வேட்டியை இறுகப் பிடித்தன. பிறகு அது வாயை வைத்தது. மென்றது. கடைசியில் நாக்கால் அடியை நக்கி, தொட்டியைத் தரையில் தள்ளிக்கொண்டே போனது.

செங்கல்வராயன் குனிந்து தொட்டியைத் தூக்கினார். அடியில் ஒரு துளி வெள்ளை இல்லை. பார்வதம் படுத்திருந்த பக்கமாகத் திரும்பி, உள்ளே நன்றாகத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தார்.