பன்னிரண்டு மணிச் சண்டை

பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் முத்து வணிகர் ஒருவரின் பழைய மாளிகையைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். அதற்கு வழிகாட்டும் அம்புப் பலகை ஒரு மணற்காற்றில் திரும்பிக்கொண்டு, அடுத்த சந்திலிருந்த ஷாஹீனின் வீட்டைக் காட்டியபடி நின்றுவிட்டது.

ஷாஹீன் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் இரண்டு வெள்ளைக்காரர்கள் உள்ளே நுழைந்தபோது முட்டை போட்ட இனிப்புச் சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீடு தேடி வந்தவருக்குக் காப்பி ஊற்றுவதற்குமுன் யார், என்ன என்று கேட்பது அழகில்லை. ஊற்றினார். குடித்தார்கள். அவர் மெல்லுவதைப் படமெடுத்தார்கள். நன்றி சொல்லிப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஏழு பேர். வார முடிவில் ஒரு பேருந்தே வந்தது. அவர் மனைவி லுல்வா பேரீச்சம்பழத் தட்டைப் பெரிதாக்கினாள்.

வினை கைபேசி வழியாக வந்தது. பஹ்ரைன் பார்த்துப் போனவர்கள் எழுதிவைத்த கருத்துகளை லுல்வா கண்டுபிடித்து வாசித்தாள். 'வீட்டம்மா அற்புதம். ஐந்து நட்சத்திரம். கிழவர் பொம்மை சுமார்தான், ஆனால் மூச்சு விடுவது தத்ரூபம்.'

ஷாஹீனுக்குச் சுருக்கென்றது. அடுத்து வந்த கூட்டத்திடம், இது என் வீடு, நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிப் பார்த்தார். 'என்ன கேட்டாலும் வேஷத்தைக் கலைக்க மாட்டேன் என்கிறார்' என்று ஒரு அயர்லாந்துக்காரி மெச்சி எழுதினாள். மெச்சியது கொஞ்சம் பிடித்துப்போக, மே மாத வெயிலில் கல்யாண அங்கியை மாட்டிக்கொண்டு, தெரியாத கடல் பாட்டொன்றைப் பாடினார். 'மிகை நடிப்பு. இரண்டு நட்சத்திரம்.' அன்றே அங்கியை மடித்துப் பெட்டிக்குள் திணித்தார்.

மறுநாள் மதியம் மீனில் உப்பில்லை என்று லுல்வாவிடம் நிஜமாகவே கத்தினார். அவளும் கரண்டியோடு வந்து பதிலுக்குக் கத்தினாள். எதிரே பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தது இருவருக்கும் நினைவில்லை. 'பன்னிரண்டு மணிச் சண்டையைத் தவறவிடாதீர்கள்' என்று உலகெங்கும் செய்தி போயிற்று.

அதன்பின் பதினொன்றரைக்கே கூடம் நிறைந்துவிடும். ஒரு நாள் இருவருக்கும் கோபமே வரவில்லை. பாலம் தாண்டி சவூதியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். விருந்தாளியை ஏமாற்றி அனுப்ப மனம் வருமா?

"மீன்ல உப்பில்ல," என்றார் ஷாஹீன், இன்னும் வாயில் வைக்காத மீனைப் பார்த்து.

"நேத்தும் இதையேதான சொன்னீங்க, அபூ பதர்," என்றாள் லுல்வா. அபூ பதர் என்றால் பதரின் அப்பா; பதர் அவர்களுடைய மூத்த மகன்.

"அப்ப நீயே ஆரம்பி."

லுல்வா கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். ஒரு தடவையாச்சும் என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? இந்தா இருக்கு ஹவார் தீவு. கேக்குறப்பல்லாம் வெயில் தணியட்டும்னீங்க. இந்த ஊர்ல வெயில் என்னைக்குத் தணிஞ்சிருக்கு?"

ஷாஹீன் மீன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கைதட்டல் கூரையைப் பிளந்தது. லுல்வா எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார். விருந்தாளிகளும் எழுந்து தொடர்ந்தார்கள். ஷாஹீன் அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

"அது நடிப்பா?" என்று கேட்டார்.

"நீங்கதான ஆரம்பிக்கச் சொன்னீங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

மறுநாள் காலை இருவரும் ஒரு பையோடு ஹவார் படகைப் பிடிக்கக் கிளம்பியபோது வாசலில் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். போங்கள் என்று சொல்ல ஷாஹீனுக்கு நாக்கு எழவில்லை. முன்னால் நின்ற டச்சுக்காரர் கையில் காப்பிக் குடுவையைக் கொடுத்தார். டச்சுக்காரர் நேரே உள்ளே போய் ஷாஹீனின் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்ற ஆரம்பித்தார்.

ஆயிரம் படகுகளின் பெயரைத் தட்டச்சு செய்த ஷாஹீன் அதுவரை ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. கரை மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தார். லுல்வா எலுமிச்சையைக் கீறி அவர் மூக்கருகே பிடித்தாள்.

"திரும்பிடலாமா?"

"வேணாம்," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "நீ முன்னால போய் உக்காரு. அங்கதான் நல்லாத் தெரியுமாம்."

அவள் எலுமிச்சையை அவர் கையில் திணித்துவிட்டு முன்னால் போனாள்.