எட்டு இழை

மூன்று மணி பத்து நிமிடம்… நான்கு மணிக்குப் பியாவ் வந்துவிடுவான், பழைய மிஷின்களை வாங்கி விற்கிறவன், கிரேன் வைத்த லாரியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவானே தவிரப் பின்னால் வந்ததில்லை. அதற்குள் இந்த ஒரு துண்டு முடிந்துவிட வேண்டும், அலுமினியப் பட்டையில் நாலே நாலு துளை, சைக்கிள் பிரேக்கைத் தாங்குகிற பட்டை, இதே மில்லிங் மிஷினில் கையால் சுற்றி ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன், இன்றைக்கு நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பட்டையைத் தாங்கும் மிஷின் மேசை தானாக நகர்கிறது. கைப்பிடிகள் இருந்த இடத்தில் மோட்டார்கள். கணினிக்கு முன்னால் சியோலான், என் மனைவி, முப்பது வருடம் ஏற்றுமதிப் பேட்டையில் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டரிங் வைத்தவள், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். நாலு துளையும் குறித்த இடத்திலிருந்து இரண்டு இழைக்குள் விழுந்தால் மிஷின் இங்கேயே இருக்கும், வராவிட்டால் பியாவ் தூக்கிக்கொண்டு போவான். இழை என்பது பட்டறைப் பேச்சு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஏழெட்டாகக் கிழிக்க முடிந்தால் அதில் ஒன்று. இந்த நிபந்தனையைப் போட்டவன் நான்தான். அவள் மறுக்கவில்லை, ஒரே துண்டா, சரி, ஒரே துண்டு, என்றாள்… ஏன் போட்டேன்? வேலை கெட்டுப்போன மிஷினை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றேன். அது உண்மைதானா?

கை நடுங்கத் தொடங்கி மூன்று வருடம். முதலில் சூப்புக் கிண்ணத்தில் தெரிந்தது, பிறகு சாப்பாட்டுக் குச்சிகளில், கடைசியாகக் கைப்பிடியில். கைப்பிடியில் தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, கெட்டுப்போன பட்டைகளைச் சாக்கில் போட்டுப் பின்கட்டில் வைத்தேன், சாக்கு நிறைந்தபோது அவள் பார்த்துவிட்டாள். ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், துளை வழியாக என்னைப் பார்த்தாள், “கெழட்டுக் குரங்கே, மரத்த விட்டு எறங்குற நேரம் வந்துருச்சு” என்றாள். இறங்குவதென்றால் படுத்துக்கொள்வது என்று நினைத்தேன். அவள் நினைத்தது வேறு. ஒரு மாதம் கழித்து மூன்று மோட்டார்கள் வந்தன, வயர்கள் வந்தன, எங்கோ ஓர் அலுவலகம் தூக்கிப்போட்ட கணினி வந்தது. கழட்டட்டுமா, என்று கேட்டாள். நான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் உன் இஷ்டம் என்றேன். கைப்பிடிகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, குளிர்காலத் துணிகளுக்குள் வைத்தாள்… இப்போதும் அங்கேதான் இருக்கின்றன, ஸ்வெட்டர் எடுக்கப்போனால் இரும்பு தட்டுப்படும். மோட்டார் உட்காரும் தகட்டை இரும்பு ரம்பத்தால் அவளே அறுத்தாள், நாலு நாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அறுக்கும்போது கோணியது, அரத்தால் தேய்த்து நேராக்கினாள், இத்தனை சதுரமாக நான்கூட அரம் போட்டதில்லை. அதையும் சொல்லவில்லை.

முதல் துளைக்கு டிரில் இறங்குகிறது, கொஞ்சம் இறங்கி, மேலே வந்து, துருவலை உதறிவிட்டு மறுபடி இறங்குகிறது, நான் செய்ததைப் போலவே, சத்தம் சுத்தமாக இருக்கிறது, பல் கடிக்கவில்லை. “குரங்கே, இதப் பிடி” என்று நோட்டுப் புத்தகத்தை என் மடியில் போட்டாள், “மேசையில காத்துல பக்கம் பக்கமா ஓடுது.” கனமான நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, எல்லாவற்றையும் இதில்தான் எழுதுவாள், உடைந்த டிரில்களைக்கூட, தேதியோடு, ஏன் உடைந்தது என்று காரணத்தோடு. முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் சிவப்புப் பொத்தான், அவள்தான் பொருத்தினாள், நடுங்காத இடது கைக்கு எட்டும்படி. அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். உனக்கு ஒரு வேலை வேணும்ல, என்றாள். கணினியின் தலையில் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம், சொன்னபடி கேள் என்று எங்கள் ஊரில் மிஷின்களுக்கு வைப்பது, நம்புகிறாயா என்று கேட்டேன், நான் வயரைத்தான் நம்புறேன், பொட்டலம் வயருக்காக, என்றாள். அந்தப் பேய் விஷயம்… போன வருடம் மேசை தானாக நகர்ந்ததே, யாரும் தொடாதபோது, ஓர் இழை, இரண்டு இழை, ஒருநாள் ஐந்து. நான் உள்ளுக்குள் சிரித்தேன், இரும்புக்குத் தன் மனிதன் வேண்டும், வயர் போதாது, என்று. அவள் பதினோரு நாள் நேரத்தை எழுதினாள், எட்டே கால், ஒன்பது நாற்பது, இரண்டு ஐந்து… பிறகு தெருவைத் தாண்டிப் போய்க் கதவுக் கம்பி செய்கிறவரிடம் எப்போதெல்லாம் வெல்டிங் வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள். எல்லா நேரமும் ஒத்துப்போயின. வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறையை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தாள், வெல்டிங்கின் மின்சாரம் அது வழியாகத்தான் நுழைந்திருக்கிறது, ஒரு முனையை வெட்டி விட்டாள், அவ்வளவுதான், பேய் போய்விட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு முட்டையைக் கூடுதலாகப் பொரித்துத் தனக்கே வைத்துக்கொண்டாள். அதுதான் அவள் கொண்டாட்டம்.

இரண்டாவது துளை. முதலும் இரண்டாவதும் மேசை இடமிருந்து வலமாகப் போகும் பாதையில் வருகின்றன, அவற்றில் சிக்கல் இல்லை, மூன்றும் நாலும் மேசை திரும்பி வரும்போது விழுபவை, அங்கேதான்… அதை நான் பார்த்துக்கொண்டேன். நேற்று ஐந்தரைக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது, அவள் இரண்டு பைகளையும் மீந்த சோற்று வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள், வண்டி போன பிறகும் மாடி வீட்டுக்காரியோடு பத்து நிமிடம் பேசாமல் வரமாட்டாள். கணினியில் நாலு வரி தெரிந்தது, துளைக்கு ஒரு வரி. மூன்றாவதிலும் நாலாவதிலும் எட்டு இழை கூட்டினேன், இடது ஆள்காட்டி விரலால், ஒவ்வோர் எண்ணாக. இந்த மிஷினில் மேசையை நகர்த்தும் திருகு இடது ஓரத்தில் தேய்ந்திருக்கிறது, திரும்பி வரும்போது எட்டு இழைக்குச் சும்மா சுற்றும், மேசை அசையாது, அதைக் கூட்டித்தான் நிறுத்த வேண்டும், இருபத்தெட்டு வருடமாக என் மணிக்கட்டு கூட்டியிருக்கிறது. அவளுக்கு எப்படித் தெரியும், அவள் இந்தக் கைப்பிடியை ஒரு தடவையாவது சுற்றியதுண்டா? உதவிதானே செய்தேன். அவள் வாளியோடு திரும்பி வந்தபோது முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்குச் சிரிப்பு வந்தது, ஏன் சிரிக்கிறே என்றாள், மாடி வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

நோட்டைப் புரட்டுகிறேன், சும்மாதான், கைக்கு ஒரு வேலை. மோட்டார் வரைபடம், வயர் நிறங்கள், பாதிப் பக்கத்தில் சந்தைக்குப் போகும் பட்டியல், இஞ்சி, டோஃபு… பிறகு ஒரு பக்கம் முழுக்க எண்கள். இடது ஓரம், போகும்போது, வரும்போது, ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு, எட்டு. பக்கத்துக்குப் பக்கம். கீழே பெரிதாக: மூன்று நாள். வித்தியாசம் எட்டு. கணினியில் ஏற்றியாயிற்று, திரும்பும்போதெல்லாம் தானே கூட்டிக்கொள்ளும். தேதி, போன மார்ச் பக்கம்… மேசைக்கு அடியில் நகர்வை அளக்கும் டயல் கேஜை ஒட்டிவிட்டு, அட்டையை விரித்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்று நாள் தரையில் கிடந்தாளே, அது இதுதானா? என்னவோ வயர் வேலை என்றல்லவா நினைத்தேன். எட்டு. ஏழில்லை, ஒன்பதில்லை. மிஷின் எட்டைக் கூட்டும், அதன் மேல் என் எட்டு… இரண்டாவது துளை முடிந்துவிட்டது, டிரில் மேலே வருகிறது, மேசை நகர்கிறது, வலது ஓரம் போய் நிற்கிறது, திரும்பப்போகிறது. சிவப்புப் பொத்தான் இங்கேதான் இருக்கிறது. இடது கை நடுங்கவில்லை. அழுத்தினால் நிற்கும், என்ன ஆச்சு என்று கேட்பாள், சொல்ல வேண்டும். கை போகவில்லை. ஏன் போகவில்லை? பயமா, இவளிடம் என்ன பயம்… டிரில் இறங்கிவிட்டது. சத்தம் இப்போதும் சுத்தம்தான், தப்பான இடத்தில் விழும் துளைக்குத் தனிச் சத்தம் கிடையாது. நாலாவதையாவது நிறுத்தியிருக்கலாம். மூன்று கெட்ட பிறகு நாலை நிறுத்தி என்ன என்று ஒரு குரல், என்னுடைய குரல்தான், அது கொஞ்சம் திருப்தியாக இருப்பதுபோலக் கேட்டது… அந்தத் திருப்தியைப் பிடித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பியாவ் மூன்று நாற்பதுக்கே வந்துவிட்டான், லாரியைக் கதவை மறித்து நிறுத்தினான், வாயில் வெற்றிலை. “குன்-அண்ணே, என்ன இது, நீங்க முக்காலியில உக்காந்து வேடிக்க பாக்குறீங்க, மேசை தன்னால ஓடுது, பேய் ஏதும் புடிச்சு கட்டி வச்சிருக்கீங்களா?” சியோலான் திரும்பவில்லை. “அண்ணி, எனக்கும் முட்டியில ரெண்டு மோட்டார் மாட்டி விடுங்களேன், படி ஏற முடியல.” “மொதல்ல உன் வாய்க்கு ஒரு சிவப்பு பட்டன் மாட்டணும்” என்றாள் அவள், ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது, அவள் முழு நம்பிக்கையோடு இருந்தாள், எனக்கு அது தாங்கவில்லை. பட்டையைக் கவ்வியிலிருந்து எடுத்து, துடைத்து, துளைகளில் பின்களைச் செருகி, மைக்ரோமீட்டரைப் பிடித்தாள், அவள் விரல்கள்… முப்பது வருடம் கடுகளவு ஈயத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்த விரல்கள், அசையவே இல்லை. “ஒண்ணு. ஒரு இழை” என்றாள். “ரெண்டு. சுத்தம்.” பியாவ் மெல்லுவதை நிறுத்திவிட்டான். “மூணு.” நிறுத்தினாள். பின்னை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். மூன்று தடவை. “எட்டு.” பிறகு நாலு. அதைச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவள் பட்டையை மேசையில் வைத்தாள், மூலைக்கு நேராக, எதையும் கோணலாக வைக்க அவளுக்கு வராது. “எடுத்துக்கிட்டுப் போ, பியாவ். கெளம்புறப்ப இந்தக் கணினியையும் சேத்து எடுத்துக்க.” “இருங்க அண்ணி, எட்டு இழைதானே, எங்க ஊருல எட்டு இழைய ஓட்டைன்னே சொல்ல மாட்டாங்க, சாமிக்கு விடுற மிச்சம்பாங்க.” “ரெண்டுன்னு பேச்சு.” குனிந்து வயர்களைக் கழற்றத் தொடங்கினாள், முதலில் மின்சாரம், பிறகு எர்த், வரிசை தப்பாமல், ஒவ்வொரு முனையிலும் அவள் எழுதி ஒட்டிய சின்னச் சின்னக் காகித எண்கள். ஏழாம் எண்ணைக் கழற்றினாள். எட்டாம் எண்ணில் கை வைத்தாள். நோட்டு என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது, தாள்கள் சடசடத்தன, அந்தச் சத்தத்துக்குப் பியாவ் திரும்பினான்.

“அது என் எட்டு” என்றேன்.

அவள் நிமிரவில்லை, நானே தொடர்ந்தேன். “நேத்து நீ குப்பை போடப் போனப்ப. மூணாவது வரி, நாலாவது வரி. எட்டு எட்டா நான்தான் கூட்டினேன். நீ அளந்து வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது.” பியாவ் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். “அப்போ அண்ணே… மிஷின் சொன்னதத்தான் செஞ்சிருக்கு?” “சொன்னத மட்டும்தான்” என்றேன். “அட, என் பொண்டாட்டி புள்ளைங்ககூட அப்படிச் செஞ்சதில்லையே” என்றான், சாவியை ஆட்டிக்கொண்டு, “வண்டி வழிய மறிச்சிக்கிட்டு நிக்குது, நான் வெறுமனே திருப்பிக்கிட்டுக் கெளம்புறேன்” என்று வெளியே போனான். லாரி உறுமியது, கதவில் வெளிச்சம் வந்தது. சியோலான் கணினிக்குப் போய் மூன்றாவது வரியைப் பார்த்தாள், நாலாவதைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். படவில்லை. இரண்டு எண்களையும் திருத்தினாள், கழற்றிய ஏழு வயர்களையும் வரிசையாக மாட்டினாள், இன்னொரு பட்டையை எடுத்துக் கவ்வியில் வைத்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்… இருபத்தெட்டு வருடம் சுற்றிச் சுற்றி என் மணிக்கட்டு கண்டுபிடித்ததை இவள் மூன்று நாளில் தரையில் படுத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள், அதே எட்டு, இந்த ஊரில் இந்த எண்ணை அறிந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் ஒரே கட்டிலில் தூங்குகிறோம். பெருமையாக இருந்தது, சொல்ல வேண்டும் என்றிருந்தது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியுமா? யாரிடமாவது எப்போதாவது அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேனா? அவள் கவ்வியை இறுக்கினாள், திரும்பாமலே கேட்டாள்.

“நான் தரையில கெடந்த மூணு நாளும் பக்கத்துலதானே உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தே… எட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”