மர்ம மனிதரின் சாப்பாட்டுப் பை

அந்தக் காலத்தில் எங்கள் மாலைப் பத்திரிகையில் ஓய்வொழிச்சல் இல்லாமல் உழைத்த ஒரே ஊழியர் 'மர்ம' என்ற சொல்தான். மர்மச் சாவு, மர்மக் கார், மர்மப் பெட்டி, மர்மப் பெண். நிருபர் எங்கேயாவது போய் யாரையாவது கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் அது போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். கேட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். 'மர்ம' போட அரை நிமிடம். தினமும் எழுத்து எழுத்தாகப் பொறுக்கிச் சலித்துப்போன அச்சுக் கோப்பவர், அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் நாலைந்து முன்கூட்டியே கோத்து, நூல் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

இந்த ஏற்பாடு எங்கள் செய்தி ஆசிரியருடையது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டை எழுத்து. "வாசகன் பயப்படணும்யா. பயந்தாத்தான் நாளைக்கும் வாங்குவான்" என்பார், ஏதோ வைத்தியம் சொல்வதுபோல.

ஒருநாள் வாசகர் கடிதம் ஒன்று வந்தது. ஆரம்பப் பள்ளிக்கு எதிரே தினமும் காலையில் ஓர் ஆள் துணிப் பையோடு வந்து நிற்கிறாராம். பள்ளி எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு. நிருபரான நான் எழுந்திருக்காமலே தலைப்பு எழுதினேன்: 'பள்ளி வாசலில் மர்ம மனிதர்! கையில் மர்மப் பை!' ஒரே தலைப்பில் இரண்டு மர்மம் வைத்ததற்காகக் கொட்டை எழுத்து என் முதுகில் தட்டினார்.

நான்காம் நாள் மர்ம மனிதரே மாடிப்படி ஏறி வந்தார்.

"இது நான்தான் சார்," என்று பத்திரிகையை என் மேசையில் விரித்தார். "கடிகாரம் ரிப்பேர் பாக்குறேன். பையில இருந்தது மத்தியானச் சாப்பாடு. 'நேரம் தவறாமல் வருகிறார்'னு வேற போட்டிருக்கீங்க. கடிகாரக்காரன் நேரம் தவறினா எவன் சார் வேலை குடுப்பான்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம். எட்டு வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். "படி ஏறினா காலை உடைப்பேங்கிறார் மச்சான். அதான் பள்ளிக்கூட வாசல்ல நின்னு, புள்ள உள்ள போறதைப் பாத்துட்டுக் கடைக்குப் போவேன். இப்ப வாட்ச்மேன் விரட்டுறார். மூணு நாளாச்சு சார் அவளைப் பாத்து."

"மறுப்புதானே? போட்டுடலாம்," என்றார் கொட்டை எழுத்து தாராளமாக. "பேரு, விலாசம், குடும்ப விவரம் எழுதிக் குடுங்க."

"வீட்டுச் சண்டை பேப்பர்ல வந்தா, கூடப் படிக்கிறதுங்க கேலி பண்ணியே புள்ளைய அழ வச்சிடும். பேரு வேண்டாம் சார். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க."

"பேரு சொல்லாதவர் மர்ம மனிதர்தானேய்யா! நாங்க சரியாத்தானே போட்டிருக்கோம்?"

வழக்கில் ஜெயித்த வக்கீல்போல் அவர் நாற்காலியில் சாய்ந்தார். கடிகாரக்காரர் பத்திரிகையை நான்காக மடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"வாங்க," என்றேன்.

பள்ளிக்கு நடந்தால் ஆறே நிமிடம். தலைமையாசிரியை அந்தச் செய்தியைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் குத்தியே வைத்திருந்தார்.

"எழுதினது நான்தாம்மா. அதுல மர்மம் ஒண்ணும் இல்ல. இங்க படிக்கிற மகளைப் பாக்கத்தான் இவரு வர்றாரு," என்றேன்.

"விசாரிச்சுத்தானே எழுதியிருப்பீங்க?"

என்னை அதுவரை யாரும் அவ்வளவு நம்பியதில்லை. "இல்லம்மா," என்றேன். "கேக்கவே இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடிகாரக்காரரின் மகளை வகுப்பிலிருந்து வரவழைத்தார்.

"இவரு யாருன்னு தெரியுதா?"

அந்தக் குழந்தை, பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லையோ என்பதுபோல எங்களைப் பார்த்தது. "எங்கப்பா டீச்சர்." பிறகு அவரிடம் திரும்பியது. "ஏம்ப்பா மூணு நாளா வரல?"

"நாளைலேர்ந்து தெருவுல நிக்காதீங்க," என்றார் தலைமையாசிரியை. "உள்ள வந்து மரத்தடியில நில்லுங்க. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிடறேன்."

அலுவலகம் திரும்பியதும் கொட்டை எழுத்து பேனாவைத் திறந்தார். "என்னய்யா, மர்மம் துலங்கிச்சா?"

"அப்பா மகளைப் பாக்க வந்திருக்கார் சார்."

"அட போய்யா," என்று பேனாவை மூடினார். "இதுல செய்தி எங்க இருக்கு?"