மொட்டைச் சரிவில் பெத்லகேம்

என் கணவர் எட்மண்ட் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். மண் அரிப்பு என்றால் அவருக்கு உயிர். காரணங்கள், விளைவுகள், தடுக்கும் முறைகள் என்று கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, ஓரத்தில் ஒரு மரத்தையும் அதன் வேர்களையும் வரைந்தால், கடைசி பெஞ்சுகூடத் தூங்காதாம். அவரிடம் படித்த பிள்ளைகள் யாரும் மலைச்சரிவில் மனை வாங்கவில்லை. அவர் வாங்கினார்.

மேற்குத் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் மனை சரிவாக இறங்கி, கீழே காம்பவுண்டுச் சுவரில் போய் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கீதாவின் ஷீட் வீடு. அவள் கணவன் ஹரிபிரசாத் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். கைக்குழந்தை ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய அறையில்தான் தூளி கட்டியிருப்பாள், அங்கேதான் கொஞ்சம் சூடு குறைவு.

சரிவு முழுக்க நொச்சியும் ஆவாரையும் கோரைப்புல்லும் மண்டிக் கிடந்தன. பார்க்க லட்சணமாக இல்லைதான். ஆனால் எத்தனையோ மழைக்கு அந்த மண் அசைந்ததில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் பாட வருகிறவர்கள், இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடில் யார் வீட்டில் பிரமாதம் என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். போன வருடப் பரிசு சேலையூர் மெர்வினுக்குப் போய்விட்டது. மெர்வின் கணக்கு வாத்தியார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த வருஷம் சின்னக் குடில் எல்லாம் கிடையாது யூனிஸ். பெத்லகேமையே கொண்டுவரப் போறேன். சரிவு முழுக்க மேய்ப்பருங்க, ஆடுங்க, சீரியல் லைட்டு!"

"அங்க இருக்கிற செடியெல்லாம்?"

"பெத்லகேம்ல ஏதும்மா நொச்சி? ட்ரை லேண்ட். ஜியாகிராபி கரெக்டா இருக்க வேணாமா?"

ஜியாகிராபியைக் கரெக்டாக்க ஒரு சின்ன ஜேசிபி வந்தது. அரை நாளில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிச் செம்மண்ணைச் சிரைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் இவர் துடைப்பத்தால் வேறு பெருக்கி, பொம்மை மேய்ப்பர்களையும் ஆடுகளையும் வரிசையாக நட்டார்.

கீதா ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், மொட்டை அடிச்சிட்டீங்கோ? மழை வந்துச்சுன்னா?"

"ஆறடி சுவர்மா. கம்பி போட்டுக் கட்டினது. எங்கிட்டயே எரோஷன் பத்திப் பேசுறியா?"

முதல் மழைக்கே மூன்று மேய்ப்பர்கள் சறுக்கிக்கொண்டு சுவரடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரிவெங்கும் விரல் அகலக் கீறல்கள். அடுத்த மழையில் அவை முழங்கை அகலமாயின. இறங்கிய மண், சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. நான் காட்டினேன். இவர் குனிந்து மேய்ப்பர்களைப் பொறுக்கி எடுத்து, முகம் துடைத்து, பழைய இடத்தில் நட்டார். புயல் வருகிறது என்று டிவியில் சொன்னதும் ஆடுகளுக்கெல்லாம் பாலிதீன் கவர் மாட்டினார். மண்ணுக்கு ஒன்றும் இல்லை.

புயலன்று மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. எப்போதும் மாடிப்படிக்கே முனகும் முட்டியோடு, கொட்டும் மழையில் தெருவைச் சுற்றி ஓடினேன். கீதா அடுப்படியில் இருந்தாள். "வெளிய வாடி!" என்று கத்திக்கொண்டே தூளியிலிருந்து குழந்தையை வாரினேன். அவள் ஒன்றும் புரியாமல் கரண்டியோடு என் பின்னால் வந்தாள். நாங்கள் தெருவைத் தொடுவதற்குள் பின்னால் பெரிய சத்தம். சுவரும் மண்ணுமாக அந்த அறைமேல் இறங்கியது. தூளி தொங்கிய இடத்தில் இடுப்பளவு செம்மண். அதன் உச்சியில், பாலிதீன் கவர் கலையாமல், ஓர் ஆடு.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

கீதா குடும்பத்துக்கு எங்கள் மாடி அறையைக் கொடுத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் ஸ்தோத்திர ஜெபக்கூட்டம் வைத்தார் இவர். சபையார் வந்து பாயில் நிறைந்தார்கள். இவர் சாட்சி சொல்ல எழுந்தார்.

"இயற்கையின் சீற்றத்துல இருந்து ஆண்டவர் நம்மைக் காத்தார்."

"ஆமென்."

"மலையே சரிஞ்சு வந்தப்போ ஒரு உயிர்ச்சேதமும் இல்ல."

"ஆமென்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "மலை சரியல. இயற்கையும் சீறல. மண்ணைப் பிடிச்சிட்டிருந்த செடியை ஒரு பரிசுக்காகப் பிடுங்கிப் போட்டது இவர். தூங்குற குழந்தை மேல மண்ணைத் தள்ளப் பார்த்ததும் இவர்தான்."

"ஆமென்" என்றார் மெர்வின், முழு மனதோடு.

இவர் மெர்வினை முறைத்தார்.

மாடிப்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீதா நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அப்போ எங்க வூட்டை எப்போ சார் கட்டிக் குடுப்பீங்கோ?"

சிலர் வேதாகமத்தைப் புரட்டினார்கள். மெர்வின் செருப்பு எங்கே என்று வாசலைப் பார்த்தார். ஒருவர் வாயிலிருந்தும் ஆமென் வரவில்லை.

நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.